மற்ற அரைப்பேர் எங்கே?

நுவரெலியா மரக்கறிச் சந்தைக்குப் பின்னால், நஜீமின் கடைக்கு மேல்மாடியில் ஓர் அரசாங்க அலுவலகம் இருக்கிறது. முழுப்பெயர் 'கடல்கடந்த மொழிப் போதனை ஒழுங்குபடுத்தல் செயலகம்'. பெயர்ப்பலகை எழுதியவர் நடுவிலிருந்த ஒரு 'ங்'கை விழுங்கிவிட்டார். அதனால் பலகையில் இருப்பது 'ஒழுகுபடுத்தல் செயலகம்'. கூரையும் அதற்குத் தக்கபடி ஒழுகுவதால் யாருக்கும் பிழையாகத் தெரியவில்லை. ஊரில் அதற்கு 'ஒழுகாபீஸ்' என்று பெயர். அங்கே வேலை செய்கிறவர்களும் வீட்டில் அப்படித்தான் சொல்கிறார்கள்.

எந்தப் பள்ளிக்கூடத்தையும் சாராமல், தன் பாட்டில் வெளிநாட்டுக்குப் போய் மொழி சொல்லிக்கொடுக்கிறவர்களைப் பதிவதும், அவர்கள் வரியைச் சரிபார்ப்பதும் இந்தச் செயலகத்தின் கடமை. இந்த மலைப்பக்கத்திலிருந்து அப்படி யாரும் போனதில்லை. ஆள் இல்லையென்பதற்காக ஆபீஸை மூடுவது எந்த நாட்டு வழக்கம்? ஆகவே அது திறந்தே இருந்தது.

உதவிப் பணிப்பாளர் றோலண்ட் கொழும்பிலிருந்து மாற்றலாகி வந்தவர். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு சுவெட்டர் மாட்டிக்கொண்டு, ஒழுகாத ஒரே மூலையில் மேசையைப் போட்டு, சட்டப் புத்தகத்தை வரிவரியாகப் படித்துக்கொண்டிருந்தார். நல்ல மனிதர். கெட்ட மனிதராக இருந்திருந்தால் கையில் எதையாவது வாங்கிக்கொண்டு காரியத்தை முடித்திருப்பார். நல்ல மனிதர்களிடம் அகப்பட்டால்தான் சனங்களுக்குப் பெரும்பாடு.

அந்தப் பெரும்பாடு கேத்ரினுக்கு ஒரு வீட்டினால் வந்தது.

கேத்ரின் அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டமொன்றில், லயத்துக் காம்பராவில், அதாவது சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடுகளில் ஓர் அறையில், அம்மா சுகிர்தத்தோடு இருக்கிறவள். அப்பா இல்லை. காலையில் கொழுந்தெடுக்கப் போவாள். பகலுக்குப் பிறகு வந்து, குளித்துத் தலைவாரி, கைபேசியை இஸ்தோப்புச் சுவரில் சாய்த்துவைத்து, வெளிநாட்டுக்காரர்களுக்குத் தமிழ் சொல்லிக்கொடுப்பாள். இஸ்தோப்பு என்பது காம்பராவின் முன்னாலிருக்கும் சின்னத் தாழ்வாரம். சிக்னல் அதுவரைக்கும் வந்து நின்றுகொள்ளும், வாசல் தாண்டி உள்ளே வராது. நோர்வேயில் ஒரு தாதி, கனடாவில் தமிழ்ப் பெண்ணைக் கட்டிய ஒரு வெள்ளைக்கார மாப்பிள்ளை, இன்னும் சில பேர் அவளிடம் படித்தார்கள். அந்த மாப்பிள்ளை தன் யாழ்ப்பாணத்து மாமியாரிடம் "என்னாங்க மாமி, சோறு தின்னாச்சுங்களா?" என்று தோட்டத்துத் தமிழில் கேட்டதாகவும், மாமியார் மகளைத் தனியே கூப்பிட்டு விசாரித்ததாகவும் தகவல்.

இப்படிக் கௌரவமாகப் பாடம் நடத்துகிறவள் காலையில் எதற்காக மலைக்குப் போகிறாள் என்று கேட்கலாம். காம்பராவுக்காகத்தான். குடும்பத்தில் ஒருத்தராவது தோட்டத்தில் வேலை செய்தால்தான் காம்பரா மிஞ்சும். சுகிர்தம் முழங்கால் போய் ஓய்வு வாங்கிவிட்டார். ஆகவே கேத்ரின் அரைப்பேர் போட்டுக்கொண்டிருந்தாள். தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு 'பேர்' என்று கணக்கு. பாதி நாளோடு நின்றாலும், சொன்ன நிறைக்குக் கொழுந்து இல்லாவிட்டாலும் 'அரைப்பேர்'. தேயிலை வந்த நாளிலிருந்து மலையில் எல்லோரும் இப்படித்தான் பேசுகிறார்கள், யாருக்கும் ஒரு சந்தேகமும் வந்ததில்லை.

அந்த வருஷம் மேட்டில் தோட்டத்து ஆட்களுக்கென்று தனிவீடுகள் கட்டி முடித்திருந்தார்கள். சுகிர்தம் தினமும் போய்க் கடைசி வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு வருவார். அடுப்பை எந்தப் பக்கம் வைப்பது என்றுகூட முடிவாகிவிட்டது. பிறந்ததிலிருந்து லயத்தில் இருந்தவருக்கு ஒரே ஒரு ஆசைதான். ராத்திரி தன் வீட்டில் தான் இருமினால் அது தனக்கு மட்டும் கேட்க வேண்டும்.

வீட்டுப் பட்டியல் எழுத ஓர் உத்தியோகத்தர் வந்தார்.

"என்ன தொழில்?"

"காலைல கொழுந்துங்க. அப்பறம் வெளிநாட்டுக்காரங்களுக்குத் தமிழ் சொல்லிக்குடுக்குறேங்க" என்றாள் கேத்ரின்.

படிவத்தில் இடம் கொஞ்சமாக இருந்தது. அவர் சுருக்கி 'வெளிநாட்டில் ஆசிரியை' என்று எழுதினார். பிறகு தான் எழுதியதைத் தானே படித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"வெளிநாட்டுல இருக்கிறவங்களுக்கு வீடு இல்லையே."

"நான் இங்கதானேங்க நிக்கிறேன்?"

"நீங்க நிக்கிறது எனக்குத் தெரியுது. பட்டியலுக்குத் தெரியாதே. ஒழுகாபீஸ்ல போயி, 'இவங்க இங்கதான் இருக்காங்க'ன்னு ஒரு கடிதம் வாங்கிட்டு வாங்க. சாவி குடுக்குற நாளுக்கு முந்தி குடுத்துருங்க."

அதை வெட்டிவிட்டுத் திரும்ப எழுத வழியில்லையா என்று கேட்டாள். இல்லை என்றார். எழுதியதை வெட்டினால் கணக்காய்வில் கேள்வி வருமாம்.

கேத்ரின் தலவாக்கலைக்கு வந்து, அங்கிருந்து நானுஓயா வழியாக நுவரெலியாவுக்குப் போனாள். அன்று மூடுபனி. ஒழுகாபீஸுக்குப் படி ஏறுமுன் நஜீம் மறித்தார். அவர் கடையில் குடையும் போட்டோ கொப்பியும் விற்பனை.

"டீச்சர் மேலயா போறீங்க? முதல்ல ஐடென்டிட்டி கார்டை ரெண்டு கொப்பி எடுத்துக்கோங்க. ஒரு குடையும் எடுத்துக்கோங்க."

"மழை இல்லையே?"

"வெளிய இல்ல. உள்ள ஈக்கி." அவர் பேச்சில் 'இருக்கு' என்பது 'ஈக்கி'.

கேத்ரினைக் கண்டதும் றோலண்ட் எழுந்தே நின்றுவிட்டார். ஆபீஸ் திறந்த நாள்முதல் வந்த முதல் ஆள். பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்பார்களே, அவருக்கு அப்படி.

"உட்காருங்கள் மிஸ். எந்த நாட்டில் கற்பிக்கிறீர்கள்?"

"இங்க இருந்துதாங்க சேர். போன்ல."

"மாணவர்கள் எங்கே?"

"நோர்வே, கனடா..."

"பாடம் எங்கே நடக்கிறது? ஆசிரியர் இருக்கும் இடத்திலா, மாணவர் படிக்கும் இடத்திலா? யோசித்துச் சொல்லுங்கள். மாணவன் இல்லாமல் ஆசிரியர் பேசினால் அதற்குப் பெயர் என்ன? புலம்பல். ஆகவே பாடம் நோர்வேயில்தான் நடக்கிறது. நீங்கள் இங்கே செய்வது புலம்பல். புலம்பலுக்கு வரி இல்லை. பாடத்துக்கு உண்டு."

கேத்ரின் தனக்கு வேண்டியது உரிமமல்ல, 'இங்கேதான் இருக்கிறாள்' என்று ஒரு வரி எழுதிய கடிதம் மட்டும்தான் என்றாள். றோலண்ட் இரக்கத்தோடு பார்த்தார்.

"இங்கே இருக்கிறவர்களுக்கு நாங்கள் கடிதம் கொடுப்பதில்லை மிஸ். நாங்கள் கடல்கடந்த ஆபீஸ். முதலில் நீங்கள் வெளிநாடு போகிறவராகப் பதிய வேண்டும். அதற்குப் பிறகு போகவில்லை என்று நிரூபிக்க வேண்டும்."

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாகிவிட்டது. ஆனால் மேட்டிலிருந்த கடைசி வீடு கண்ணுக்கு முன்னால் நின்றது. கேத்ரின் பதிந்தாள்.

பதிந்தவர்களுக்குப் புறப்படுமுன் பயிற்சி கட்டாயம். பயிற்சி வகுப்பில் மாணவி கேத்ரின் மட்டும்தான். விரிவுரையாளர் றோலண்ட். காலையில் புல்லெல்லாம் வெள்ளையாய் உறைபனி படிந்து கிடந்த ஒரு நாளில், முதல் பஸ்ஸுக்கு இருட்டில் நடந்து வந்து, செருப்புக் காலோடு உட்கார்ந்திருந்தவளைப் பார்த்து, இரண்டு சுவெட்டருக்கு மேல் ஒரு சால்வையும் சுற்றிக்கொண்டு அவர் தொடங்கினார்.

"மிஸ், வெளிநாடு என்றால் முதலில் குளிர். உங்களைப் போன்றவர்களுக்கு அது பழக்கமில்லை. அங்கே மக்கள் அதிகாலையில் எழுவார்கள். நேரத்துக்கு வேலைக்குப் போக வேண்டும். பிந்தினால் சம்பளம் வெட்டுவார்கள். மேலதிகாரியிடம் பணிவாக நிற்க வேண்டும். இதையெல்லாம் உங்களால் தாங்க முடியுமா?"

விடியுமுன் தோட்டத்து ஆட்கள் கூடும் பெரட்டுக்களத்தில் பேர் கொடுக்க நிற்கிறவள், முயற்சி செய்கிறேன் என்றாள். அவர் 'திருப்திகரம்' என்று குறித்துக்கொண்டார்.

அடுத்தது வரி. இரண்டு நாட்டிலும் வரி கட்டி அவதிப்படக்கூடாது என்று அரசாங்கங்கள் ஒப்பந்தம் செய்திருக்கின்றன என்று றோலண்ட் விளக்கினார். அந்தச் சலுகை கேத்ரினுக்குக் கிடைக்க வேண்டுமானால், அவள் நோர்வேயில் இல்லை என்று நோர்வே எழுதித் தரவேண்டும். அவள் தாதியிடம் சொன்னாள். தாதி பாவம், விசாரித்து, பதில் வாங்கி அனுப்பினாள். அந்த நாட்டு உத்தியோகத்தர் மிக மரியாதையாக எழுதியிருந்தார். நோர்வேயில் இல்லாதவர்களுக்குச் சான்றிதழ் வழங்கும் வழக்கம் தங்களுக்கு இல்லை என்றும், அப்படிப்பட்டவர்கள் உலகத்தில் மிக அதிகம் என்றும் அதில் இருந்தது.

றோலண்ட் கடிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"கவனித்தீர்களா மிஸ்? நீங்கள் அங்கே இல்லை என்று அவர்கள் சொல்லவில்லை. மழுப்புகிறார்கள். ஒரு நாடு மழுப்புகிறதென்றால் காரணம் இருக்கும்."

"இப்ப நான் என்னாங்க சேர் செய்யணும்?"

"நீங்கள் இங்கே இருப்பதாகத் தோட்டத்தில் எழுதி வாங்கி வாருங்கள். முத்திரையோடு."

அவள் தோட்டத்துக் கணக்கப்பிள்ளையிடம் ஓடினாள். அவர் நல்ல எண்ணத்தோடுதான் எழுதினார். 'மேற்படி கேத்ரின் இத்தோட்டத்திலேயே வசிக்கிறார் என்றும், நாளாந்தம் அரைப்பேராக வேலை செய்து வருகிறார் என்றும் இத்தால் உறுதிப்படுத்துகிறேன்.' கீழே முத்திரையை இரண்டு தடவை குத்தினார். ஒன்று சரியாகப் பதியவில்லை.

றோலண்ட் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். கூரையிலிருந்து ஒரு சொட்டு கேத்ரினின் குடைமேல் விழுந்தது.

"மிஸ், இங்கே 'அரைப்பேர்' என்று இருக்கிறது."

"ஆமாங்க சேர்."

"மற்ற அரைப்பேர் எங்கே?"

கேத்ரினுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது சிரிப்பு வந்தது. றோலண்டின் முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது.

"அது ஆள் கணக்கு இல்லீங்க சேர். வேலைக் கணக்கு. பாதி நாள் மலைக்குப் போனா அரைப்பேரு. முழுநாள் போனா ஒரு பேரு."

"பத்துப் பேர் என்றால் பத்து ஆட்கள். சரியா?"

"சரிங்க."

"ஒரு பேர் என்றால் ஓர் ஆள்?"

"சரிங்க, ஆனா..."

"அப்படியானால் அரைப்பேர் என்றால்? நானும் தமிழன்தான் மிஸ். எனக்குத் தமிழ் சொல்லித் தரவேண்டாம். நீங்கள் சொல்கிறபடியே வைத்துக்கொள்வோம். பாதி நாள் மலையில். மற்றப் பாதி?"

"நோர்வேக்குக் கிளாஸ்."

"அதைத்தானே நானும் சொல்கிறேன்!"

அவர் நாற்காலியில் சாய்ந்தார். பல வருஷம் படித்த சட்டத்துக்கு ஒரு வேலை வந்துவிட்ட சந்தோஷம் அவர் முகத்தில் தெரிந்தது.

"சட்டத்தில் வதிபவர் உண்டு, வதியாதவர் உண்டு. வருடத்தில் பாதிக்கு மேல் நாட்டில் இருப்பவர் வதிபவர். பாதிக்குக் கீழே என்றால் வதியாதவர். நீங்கள் தினமும் அரை. வருடம் முழுக்கக் கூட்டினால் சரிபாதி. மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. தினமும் பகலில் நாட்டை விட்டுப் போய் மாலையில் திரும்பி வந்திருக்கிறீர்கள், குடிவரவு குடியகல்வுக்கு ஒரு வார்த்தை சொல்லாமல். சட்டத்தில் நீங்கள் ஓர் ஓட்டை மிஸ்."

இன்னொரு சொட்டு விழுந்தது.

வீட்டுக்கு வந்து கேத்ரின் அழுதாள். கோபத்தில் வந்த அழுகை. சுகிர்தம் முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"எங்கப்பாகிட்டயும் இதேதான் கேட்டாங்க புள்ள. 'நீ இங்கதான் இருந்தியா, அதுக்குக் கடிதாசி இருக்கா'ன்னு. இங்கயே பொறந்து இங்கயே தேயிலச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுன மனுசன். பிரஜாவுரிமைக்கு ரேகை வச்சு அனுப்பிட்டு, தபால் வர்ற நேரமெல்லாம் தோட்டத்து ஆபீஸ் வாசல்ல போயி நிப்பாரு. மண்ணுக்குள்ள போறவரைக்கும் பதில் வரல." அவர் எண்ணெய்க் கையைத் துடைத்தார். "அவர முழுசா வெளிநாடுன்னாங்க. ஒன்னய பாதிதானே சொல்றாங்க. அழுவாத."

அந்த வாரமே றோலண்ட் களப்பரிசோதனைக்கு வந்தார். உண்மையில் எல்லை எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டுமாம். கைபேசியைப் பிடித்துக்கொண்டு காம்பராவுக்குள்ளும் வெளியேயும் நடந்தார். உள்ளே சிக்னல் இல்லை. இஸ்தோப்பில் இருந்தது. வாசற்படியில் ஒரு சாக்குக் கட்டியால் வெள்ளைக் கோடு கிழித்தார்.

"இந்தக் கோட்டுக்கு உள்ளே இலங்கை. வெளியே வெளிநாடு."

லயத்துச் சனம் முழுக்கக் கூடிவிட்டது. அடுத்த காம்பரா ராசம்மா, தன்னுடைய இஸ்தோப்பு எந்த நாடு என்று கேட்டார். அங்கே கோழிகள்தான் கட்டியிருக்கின்றன, கோழிகளுக்குத் தன் ஆபீஸ் பொறுப்பில்லை என்றார் றோலண்ட்.

வந்த மனிதரைச் சும்மா அனுப்பலாமா என்று சுகிர்தம் பிளேன்டீ ஊற்றிக்கொண்டு வந்தார். கோட்டுக்கிட்ட வந்ததும் தயங்கி நின்றார்.

"தாண்டலாங்களா சேர்?"

"எவ்வளவு தேயிலை?"

"ஒரு கரண்டிதாங்க."

"சொந்தப் பாவனைக்கு என்றால் பரவாயில்லை" என்று கையை நீட்டி வாங்கிக்கொண்டார். இஸ்தோப்புப் பலகையில் சௌகரியமாக உட்கார்ந்து, ருசித்துக் குடித்தார். நல்ல தேயிலை, கொழும்பில் இப்படிக் கிடைக்காது என்றார். எங்களுக்கும் கிடைக்காதுதான், இது தூள் என்று சுகிர்தம் சொல்லவில்லை.

மறுபடி கேத்ரின் நுவரெலியாவுக்குப் போன அன்று நஜீம் கடைக்குள் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"டீச்சர், இத வெளிய செல்லக்கூடாது, ஆனா ஒங்களுக்குச் செல்றேன். நேத்து சேர் ஒரு கடிதம் கொப்பி எடுத்தாரு. ஒங்கட இஸ்தோப்புல ஒக்காந்து டீ குடிச்சதுக்கு, வெளிநாட்டுப் பயணப்படி கேட்டு ஈக்காரு."

"குடுப்பாங்களா?"

"குடுத்துட்டா நல்லது டீச்சர். அப்ப கோடு உண்மைன்னு ஆகிடும். கோடு உண்மைன்னா உள்பக்கம் இலங்கை. நீங்க உள்ளுக்குத்தானே தூங்குறீங்க?"

நஜீம் சட்டம் படிக்காததால் இப்படிக் கதைத்துவிட்டார். மேலே றோலண்ட் வேறு முடிவோடு காத்திருந்தார். கருணை மிகுந்த முடிவு. அவரே அதை எழுதி வைத்துப் படித்தார்.

"மிஸ், உங்களை இரண்டு கோவையாக, அதாவது இரண்டு பைலாகப் பிரித்திருக்கிறேன். இங்கே இருக்கும் பாதியின் பெயர் 'கேத்'. வெளியே இருக்கும் பாதியின் பெயர் 'ரின்'. கேத் வதிபவராக வரி கட்டுவார். ரின் வதியாதவராக வரி கட்டுவார்."

"அப்ப ரெண்டு தடவ வரியாங்க சேர்? இரட்டை வரி வராதுன்னு சொன்னீங்களே?"

"அதைத் தடுக்கத்தானே இந்த ஏற்பாடு! ஒருவரிடம் இரண்டு தடவை வாங்கினால் அது இரட்டை வரி, அநியாயம். இருவரிடம் ஒவ்வொரு தடவை வாங்கினால் அது நீதி. உங்களுக்காக இரவெல்லாம் யோசித்தேன் மிஸ்."

"சரிங்க சேர். வீடு?"

அவர் முகம் வாடியது. உண்மையாகவே வாடியது, நடிப்பு இல்லை. வீட்டுத் திட்டத்துக்குக் குடும்பத்தில் வதிகிற ஆள் ஒருவர் வேண்டும், அரை ஆளுக்கு வீடு கொடுக்க விதியில்லை என்றார். கேத்ரின் குடையை மடக்கிவிட்டு நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். மேட்டிலிருந்த வீட்டில் அம்மா அடுப்பு வைக்க நினைத்திருந்த மூலை அவளுக்கு ஞாபகம் வந்தது.

அதைப் பார்த்துக்கொண்டிருந்த றோலண்டுக்கு ஞானம் பிறந்தது.

"உங்கள் அம்மா தோட்டத்தில் பதிவா?"

"ஓய்வுங்க. எப்பவாச்சும் ஆள் காணாட்டி கைக்காசுக்குக் கூப்புடுவாங்க. அம்மாவால முழுநாள் நிக்க ஏலாது."

"அரை நாள்?"

கேத்ரின் தலையைத் தூக்கினாள்.

"அவர் அரை, நீங்கள் அரை. அரையும் அரையும் சேர்ந்தால் என்ன மிஸ்? ஒரு பேர்!"

தன் பதினெட்டு வயதிலிருந்து முதுகு வளைத்துக் கொழுந்தெடுத்து, முழங்கால் தேய்ந்து ஓய்வுக்கு வந்த ஒரு பெண், நாட்டுக்குப் பாதி ஆளாகச் சேர்வதற்காக மறுபடி கூடை மாட்டிக்கொண்டு மலையேறினார். இதைச் சிரித்துக்கொண்டு எழுத எனக்கும் கை வரவில்லை. சரிவில் கால் இழுக்கும்போதெல்லாம் ஒரு செடியைப் பிடித்துக்கொண்டு நின்று, மேட்டில் கடைசி வீட்டைப் பார்ப்பார். கேத்ரின் தன் தேயிலை நிரையை விட்டுவிட்டு வந்து அம்மாவின் கூடையில் இரண்டு கை கொழுந்து போடுவாள். மேற்பார்வைக்கு வரும் கண்டாக்கு கண்டும் காணாதமாதிரி போய்விடுவார். அரைப்பேர் விழுந்தது.

ஒழுகாபீஸிலிருந்து கடிதமும் வந்தது. 'சுகிர்தத்தின் அரைப்பேரும் கேத்ரினின் அரைப்பேரும் இணைந்து, சுகிர்கேத் என்ற ஒரு முழு ஆள் இத்தோட்டத்தில் வதிகிறார். சுகிர்தத்தின் எஞ்சிய பாதி ஓய்விலும், கேத்ரினின் எஞ்சிய பாதி வெளிநாட்டிலும் உள்ளன.' வீட்டுப் பட்டியலில் கேத்ரின் என்ற பெயருக்குக் கீழே சுகிர்கேத் என்று புதிதாக ஒரு பெயர் ஏறியது. வெட்டாமல் எழுதியதால் கணக்காய்வுக்கும் பிரச்சினை இல்லை.

சாவி கொடுக்கும் விழா பெரட்டுக்களத்தில் நடந்தது. பந்தல் போட்டு, குத்துவிளக்கு ஏற்றி, எல்லாம் முறைப்படி. றோலண்டுக்கு மேடையில் இடம் கொடுத்திருந்தார்கள். ஒரு சிக்கலைத் தீர்த்து வைத்தவர் என்பதால் பேசவும் விட்டார்கள்.

"இந்த மலையக மக்களை யாரும் முழுமையாகக் கவனிக்கவில்லை என்று சொல்கிறார்கள். இனி அப்படிச் சொல்ல முடியாது. எங்கள் செயலகம் பாதிப் பாதியாகக் கவனிக்கிறது. பாதியாக வருகிறவரை நாங்கள் திருப்பி அனுப்புவதில்லை. அவருக்கு இன்னொரு பாதியைத் தேடிக்கொடுக்கிறோம். வேறெந்த நாட்டில் இந்தச் சேவை இருக்கிறது?"

கை தட்டினார்கள். லயத்துச் சனமும் தட்டியது. தட்டினால்தான் அடுத்த சாவி வரும்.

"சுகிர்கேத்!"

தாயும் மகளும் எழுந்து போனார்கள். மேடையிலிருந்த உத்தியோகத்தர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஒருத்தர் மட்டும் வாங்க."

"நாங்க ஒருத்தர்தாங்க" என்றாள் கேத்ரின்.

உத்தியோகத்தர் றோலண்டைப் பார்த்தார். றோலண்ட் பெருமையோடு தலையசைத்தார். கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டினார்கள். சுகிர்தம் 'சுகிர்' என்று எழுதி நிறுத்த, கேத்ரின் பேனாவை வாங்கி 'கேத்' என்று முடித்தாள்.

"இது சரிவராதே" என்றார் உத்தியோகத்தர். "ஒரு ஆளோட கையெழுத்து ரெண்டு விதமா இருக்கு. கள்ளக் கையெழுத்துன்னு சொல்லுவாங்க. ரேகை வைங்க."

மைப்பெட்டியைத் திறந்தார்கள். ரேகைக்கான கட்டம் சின்னது. ஒரு பெருவிரலுக்குத்தான் இடம். கூட்டம் எட்டிப் பார்த்தது. றோலண்ட் இருக்கையை விட்டு எழுந்து வந்து, இந்தச் சிக்கலையும் தீர்த்துவைத்தார். ஆளுக்குப் பாதி விரலைச் சரித்து வைத்தால் போதுமாம்.

சுகிர்தம் தன் பெருவிரலின் இடப்பக்கத்தை மையில் தொட்டு, கட்டத்தின் ஓரத்தில் சரித்து அழுத்தினார். கொழுந்துக் கறை ஏறிய விரலிலிருந்து, மையோடு அந்தக் கறையும் சேர்ந்து பதிந்தது. கேத்ரின் தன் விரலின் வலப்பக்கத்தை அதற்குப் பக்கத்தில் ஒட்டி அழுத்தினாள். இரண்டும் சேர்ந்து, தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு விரல் மாதிரித்தான் இருந்தது.

"பார்த்தீர்களா, முழு ஆள்!" என்றார் றோலண்ட். சாவியை எடுத்துச் சுகிர்தத்தின் கையில் தானே வைத்தார். "என்னம்மா, இப்போது சந்தோஷம்தானே?"

சுகிர்தம் மை விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

"சந்தோசந்தாங்க சேர். எங்கப்பா முழு ரேகை வச்சு அனுப்புனாரு. பாதியா வச்சா சீக்கிரம் கெடைக்கும்னு அவருக்கு யாரும் சொல்லல."